உட்கார்ந்து வாசித்தவர்



கொஞ்சம் நீளமான பதிவு. கடைசியில் கேள்வி கேட்டு மதிப்பெண் போட மாட்டேன், பயப்படாமல் படியுங்கள்.

இன்று ஆகஸ்ட் 27. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை பிறந்த நாள். உங்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது என்று எனக்குத் தெரியும். நான் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, பாடப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் போன வாரம் தருமபுரியில் நம் சொந்தத்தில் நடந்த கல்யாணத்தில் இருந்து அந்த மனிதரின் நினைவாகவே இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதல் குற்றவாளி நான்தான், அது கீழே வரும்.

மண்டபத்தில் மேடைக்கு எதிரில், வரவேற்பு இன்னிசைக் குழுவுக்காக முந்தின இரவு போட்ட பெரிய ஒலிபெருக்கிகள் அப்படியே நின்றன. நாயனக்காரர்களுக்கு இடம் எங்கே தெரியுமா? வாசலுக்கு உள்பக்கம், செருப்பு விடுகிற இடத்தை ஒட்டி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்திலேயே ஜெனரேட்டர். நாயனம் இரண்டு, தவில் இரண்டு. பெரியவர் ஒருவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டிருந்தார். மணமேடையில் இருந்து ஒருவர் ஆள்காட்டி விரலை ஆட்டினார். கெட்டிமேளமாம். டமடமவென்று அடித்தார்கள். பார்த்தால், தாலி இன்னும் தட்டில் ஆசீர்வாதத்துக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. விரலாட்டியவர் கையைத் தவறாக ஆட்டிவிட்டார். "நிறுத்து நிறுத்து" என்று கத்தினார்கள். நிறுத்தினார்கள். பெரியவர் சீவாளியை வாயில் நனைத்துக்கொண்டு, விட்ட இடத்தில் இருந்து அதே ராகத்தை எடுத்தார். அதற்குள் வீடியோ எடுக்கிற தம்பி, "கொஞ்சம் சத்தத்தை நிறுத்துங்க, ஐயர் சொல்றது கேக்கல" என்றார்.

சத்தம்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அந்த ராகம் தோடி என்று தெரியும். எப்படித் தெரியும் என்றால், அதற்கு நம்ம ஊர் நாயனக்காரத் தாத்தாதான் காரணம்.

நான் ஆறாவது ஏழாவது படித்தபோது வீட்டுக்கு வீடு ரேடியோ கிடையாது. பஞ்சாயத்து ரேடியோதான். காலையில் மங்கல இசை போடுவார்கள். எங்களுக்கு அது பள்ளிக்கூடம் கிளம்ப நேரமாகிவிட்டது என்று சொல்லும் மணி, அவ்வளவுதான். நாயனக்காரத் தாத்தா மட்டும் சில நாட்கள் அந்த ரேடியோ கம்பத்துக்குக் கீழே வந்து நிற்பார். அவரை ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். மாரியம்மன் திருவிழாவில் பம்பைக்காரர்கள் ஊரையே ஆட வைப்பார்கள். தாத்தாவின் நாயனம் அந்தச் சத்தத்துக்கு முன்னால் எடுபடாது. சாமி புறப்பாட்டுக்கும் கல்யாணத்துக்கும்தான் அவர். ஒரு நாள் ரேடியோ முடிகிற வரைக்கும் அசையாமல் நின்றார். முடிந்ததும் தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன தாத்தா?" என்றேன்.

"தோடிடா" என்றார். "ராஜரத்தினம். செத்துப் போயி எத்தனையோ வருசமாச்சு. இன்னும் வேலைக்குப் போக உடமாட்டேங்கறான்."

அந்த 'றான்' எனக்கு மறக்கவில்லை. சாமியைத்தான் நாம் அப்படி உரிமையோடு 'அவன் இவன்' என்போம்.

பின்னால் நாதஸ்வர வித்வான்களைப் பற்றிய புத்தகங்களைத் தேடிப் படித்தபோதுதான் தாத்தா சொன்ன ஆள் யாரென்று முழுதாகத் தெரிந்தது. (நாகஸ்வரமா நாதஸ்வரமா என்று அறிஞர்கள் நடுவே பெரிய வழக்கே உண்டு. நம்ம ஊரில் நாயனம். நான் மூன்றையும் கலந்து எழுதுவேன், தமிழாசிரியர்கள் மன்னிக்கவும்.)

1898ல் பிறந்தவர். சிறு வயதில் வீட்டில் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். திருவாவடுதுறை ஆதீனத்து வித்வானாக இருந்த தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையிடம் வளர்ந்தார். பெயருக்கு முன்னால் நிற்கும் 'என்' அந்த மாமன்தான். ராஜரத்தினம் என்ற பெயர் மடத்தில் வைத்தது. முதலில் அவர் கற்றது நாயனம் இல்லை, வாய்ப்பாட்டு. திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர் என்ற பெரிய பிடில் வித்வானிடம் பாடம். பிறகுதான் நாயனத்துக்கு வந்தார். அவர் வாசிப்பைக் கேட்டவர்கள், குழல் பாடுகிற மாதிரி இருக்கும் என்று சொல்வதற்கு இந்த ஆரம்பமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தக் காலத்தில் நாயனக்காரருக்கு என்ன மரியாதை என்பதைச் சொன்னால்தான் அவர் செய்தது புரியும்.

பெரியமேளம் என்றால் கோயிலில் சாமிக்கு முன்னால் நடந்து வாசிப்பது. மல்லாரி வாசித்தால்தான் சாமி கிளம்பும். ராகம், பல்லவி என்று விடிய விடிய நான்கு வீதியிலும் வாசிப்பார்கள். பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வசதியில்லாத, சபா வாசலைக்கூடப் பார்க்காத சனங்களுக்குச் சங்கீதத்தைக் காதில் ஊற்றியது இவர்கள்தான். அவ்வளவு வித்தை உள்ளவர்கள், ஜமீன்தார், மிராசுதார், மடாதிபதி முன்னால் மேல்சட்டை இல்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். மணிக்கணக்கில். பாட்டு வித்வானுக்கு ஜமக்காளமும் மேடையும். நாயனக்காரருக்குப் பந்தலுக்கு வெளியே நிற்க இடம். அதே தோடி, அதே கல்யாணி. ஒருவர் உட்கார்ந்து பாடலாம், மற்றவர் நின்று ஊத வேண்டும். காரணம் சாதி என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

ராஜரத்தினம் உட்கார்ந்தார்.

மேடை போடு, உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றார். குடுமியை எடுத்து கிராப்பு வைத்துக்கொண்டார். சட்டை போட்டார், கோட்டு போட்டார், ஷெர்வானி போட்டார். துண்டை இடுப்பில் கட்ட மறுத்தார். இன்று இதைப் படிக்கும்போது உடை மாற்றம்தானே என்று தோன்றும். நம்ம ஊரிலேயே, எனக்கு நினைவு தெரிந்தே, பெரிய வீட்டுத் திண்ணைக்கு முன்னால் வந்ததும் தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்குவதைப் பார்த்தவன் நான். துண்டு எங்கே இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

இந்த இடத்தில் எனக்கு நம்ம ஊர் மணிமண்டபம் நினைவுக்கு வருகிறது. வருடா வருடம் ஜூலை 23 அன்று உங்களை வரிசையாக அழைத்துப் போவேனே. சுப்பிரமணிய சிவாவைச் சிறைக்குப் பிறகு தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்றார்கள். அவர் நடந்தார். கட்டை வண்டியில் போனார். ஊர் ஊராகப் பேசினார். கடைசியில் 1925ல் இங்கே பாப்பாரப்பட்டியில் கண்ணை மூடினார். நீ இங்கே ஏறக்கூடாது, நீ இங்கே உட்காரக்கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். சிவா தியாகி, ராஜரத்தினம் சொகுசுக்காரர். ஒப்பிடுவது தப்பு என்று சிலர் சொல்வீர்கள். சொல்லுங்கள்.

உட்கார்ந்ததோடு விட்டிருந்தால் வெறும் வீம்பு என்று சொல்லிவிடலாம். அவர் கருவியையே மாற்றினார்.

அதுவரை பெரும்பாலும் வாசித்தது திமிரி நாயனம். குட்டையானது, சுருதி தூக்கலாக இருக்கும். திறந்த வெளியில் நான்கு தெருவுக்குக் கேட்க வேண்டும் அல்லவா, அதற்குச் சரி. ஆனால் ஒரு கூடத்துக்குள் உட்கார்ந்து, தம்புராவோடு, நிதானமாக ராகம் விரிக்க அது ஒத்து வராது. இன்னொரு சங்கடம், சுத்த மத்தியமம். நான்காவது சுரம். அந்த இடம் குழலில் நேராக விழாது. வாசிப்பவர் மூச்சை அடக்கி, உதட்டால் சரிக்கட்டித்தான் கொண்டுவர வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படியே சமாளித்து வந்தார்கள். ராஜரத்தினம், திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் நரசிங்கம்பேட்டைக்குப் போய், ரங்கநாதன் ஆசாரி என்ற கருவி செய்பவரோடு உட்கார்ந்தார். துளையின் இடத்தை மாற்றி, குழலின் நீளத்தை மாற்றி, திரும்பத் திரும்பக் கடைந்து, நீளமான பாரி நாயனத்தை உருவாக்கினார்கள். சுருதி இறங்கியது, நாதம் கனத்தது, மத்தியமம் சுத்தமாக விழுந்தது. இன்று நீங்கள் எந்தக் கல்யாணத்தில் கேட்டாலும் கேட்பது பெரும்பாலும் அந்தப் பாரிதான்.

ஒத்து ஊதுவதையும் நிறுத்தினார். ஒத்து தெரியும்தானே? 'ஒத்து ஊதுகிறான்' என்று கேலியாகச் சொல்வோமே, அது. விரல் துளை இல்லாத ஒரு குழல். ஒருவர் கச்சேரி முழுக்க ஒரே சுரத்தை மூச்சு விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, பாட்டுக் கச்சேரியில் வைப்பதுபோல் தம்புராவை வைத்தார்.

பணி ஓய்வுக்குப் பிறகு மாயவரம் பக்கம் கோயில்களுக்குப் போனோம். வீட்டுக்காரம்மா கோயில் பட்டியலோடு வந்தார், நான் நரசிங்கம்பேட்டையை மட்டும் மனதில் வைத்திருந்தேன். ஆச்சா மரத்தில்தான் நாயனம் செய்கிறார்கள். புது மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண், இவற்றை வாங்கி வைத்துக் காயவிட்டு, கடைசல் பிடித்துத் துளை போடுகிறார்கள். ஒரு கட்டையை என் கையில் கொடுத்தார்கள். இரும்புக் கனம். எந்த வீட்டுக் கூடத்தைத் தாங்கியதோ. 2022ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கிடைத்தது நல்லதுதான். ஆனால் இந்த வேலைக்கு வருகிற பையன்கள் குறைவு என்று அங்கே சொன்னார்கள். அம்மையாருக்கு இரண்டு கோயில் விட்டுப்போன கோபம் இன்னும் தீரவில்லை.

இனி தோடி. சங்கீதம் தெரியாதவன் சொல்வதால் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

வாய்ப்பாட்டில் ஒரு கீர்த்தனை இருந்தால் சொல் இருக்கிறது, பிடித்துக்கொள்ளலாம். ராக ஆலாபனையில் சொல்லும் இல்லை, தாளமும் இல்லை. ஏழு சுரம், அவை அசையும் விதம், அவ்வளவுதான் கையிருப்பு. கட்டுரைப் பயிற்சியில் உங்களுக்கு 'மரம்' என்று தலைப்புக் கொடுத்தால் ஐந்து வரியில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பீர்கள். அதே தலைப்பில் ஒருவர் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் இரவு முழுக்கப் பேசினால் எப்படி இருக்கும்? ராஜரத்தினம் தோடியை மணிக்கணக்கில் வாசிப்பார். ஒரு சுரத்தில் நின்று, அதை அசைத்து அசைத்து, அடுத்த சுரத்துக்குப் போவாரோ மாட்டாரோ என்று கூட்டத்தைக் காத்திருக்க வைத்து, பிறகு மூன்று ஸ்தாயிக்கும் பறப்பார் என்று கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருக்குத் தவில் வாசித்தவர்களில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பெரும்புகழ் பெற்றவர். ஜி.என். பாலசுப்ரமணியம் போன்ற பெரிய பாடகரே ராஜரத்தினத்தின் நாயனத்தைக் கேட்டுத் தன் பாட்டை அமைத்துக்கொண்டவர் என்றால் பாருங்கள். உட்காரக்கூடாது என்று சொல்லப்பட்டவரிடம் இருந்து, உட்கார்ந்து பாடுபவர் கற்றுக்கொண்டார்.

அவ்வளவு பெரிய தோடியை அந்தக் காலத்து இசைத்தட்டில் அடைக்க வேண்டும் என்றால், ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான். கடலைச் செம்பில் அள்ளுகிற வேலை. ஆனால் அந்தச் செம்புதான் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது. ஆந்திராவில் கரவதி என்ற ஊரில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா சாகிப் இவருடைய வாசிப்பில் மயங்கி, தஞ்சாவூர்ப் பாணியைத் தேடிப் படித்து, ஸ்ரீரங்கத்துக்கே குடிவந்து, ரங்கநாதர் காலடியில் இருந்துகொண்டு உலகம் சுற்றி வாசித்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் காருகுறிச்சி அருணாசலம் இவரிடம் சேர்ந்து, சீடனாகி, பிறகு 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி குரலோடு போட்டி போட்டு வாசித்தார். 1962ல் வந்த படம். அந்தப் பாட்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும், வாசித்தவர் பெயர்தான் தெரியாது. காருகுறிச்சியார் நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டார். நல்ல மூச்சுக்காரர்களுக்கு ஆயுசு ஏன் கம்மியோ.

ராஜரத்தினம் சினிமாவிலும் நடித்தார். 1940ல் 'கவி காளமேகம்'. எடுத்தவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், எழுதியவர் நம்ம பாவேந்தர் பாரதிதாசன். நாயனக்காரர் காளமேகப் புலவராக வேடம் கட்ட, அமெரிக்கர் இயக்க, பாவேந்தர் எழுத, இப்படி ஒரு கூட்டணியை யோசித்துப் பாருங்கள். ஒரு விஷயம் பொருத்தம். காளமேகமும் யாருக்கும் அடங்காத வாய்க்காரர்.

சரி, புகழ்ந்தது போதும். வாத்தியார் புத்தி, குறையையும் சொல்ல வேண்டும்.

இவர் என் வகுப்பில் இருந்திருந்தால் மாதம் ஒரு முறை அப்பாவைக் கூட்டி வரச் சொல்லியிருப்பேன். கச்சேரிக்கு ஒப்புக்கொண்டு வராமல் போவது அவர் வழக்கம். முன்பணம் வாங்கியிருப்பார், ஊரே வாழைமரம் கட்டிக் காத்திருக்கும், ஆள் வரமாட்டார். வந்தாலும் மனசு வந்தால்தான் நாயனத்தை உறையில் இருந்து எடுப்பார். குடி உண்டு. கல்யாணங்கள் ஒன்றுக்கு மேல். சம்பாதித்ததை இரண்டு கையாலும் இறைத்தார். தனக்குத்தானே சக்கரவர்த்தி என்று பட்டம் வைத்துக்கொண்டார். காத்திருந்த கூட்டத்தில் எத்தனையோ ஏழைகள் பத்து மைல் நடந்து வந்திருப்பார்கள், அவர்களுக்கு என்ன பதில்? பெரிய மனிதனை மட்டம் தட்டினால் ரசிக்கலாம், நடந்து வந்தவனைக் காக்க வைத்ததை என்னால் ரசிக்க முடியவில்லை. சுதந்திரப் பறவை என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

அதே சமயம் இன்னொன்றும் தோன்றுகிறது. ஊர் கூப்பிட்டால் ஓடி வந்து, விரலை ஆட்டினால் அடித்து, கையைக் காட்டினால் நிறுத்துகிற ஒரு வர்க்கத்தில் இருந்து ஒருவர் 'இன்று மனமில்லை' என்று சொல்கிறார். அந்தச் சொல்லை அதற்கு முன் அந்த வர்க்கத்தில் எத்தனை பேர் சொல்ல முடிந்திருக்கும்? திமிர் என்றார்கள். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் வெடிச் சத்தம் கேட்டதும் சிவாஜி வாசிப்பை நிறுத்துவாரே, அப்போது நாம் கைதட்டினோம். சினிமாவில் வந்தால் கம்பீரம். நேரில் வந்தால் திமிர்.

1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார். வயது ஐம்பத்தெட்டு. நான் பிறப்பதற்குச் சில வருடங்கள் முன்பு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாதது.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிது. மீசையை முறுக்காத குறைதான், அவ்வளவு கண்டிப்பு. நாயனக்காரத் தாத்தா அப்போது இல்லை. அவர் மகன்தான் வாசித்துக்கொண்டிருந்தார். பேரன் என் வகுப்பில், ஐந்தாவது. சுமாராகப் படிப்பான். ஆனால் முகூர்த்த மாதம் வந்தால் பாதி நாள் வரமாட்டான். ஆவணி, தை, வைகாசி. அப்பாவோடு போய் முதலில் தாளம் தட்டினான், பிறகு நாயனம் பிடித்தான். வந்த அன்றைக்கும் மேசையில் விரலை ஓட்டிக்கொண்டே இருப்பான். விரலில் அடித்திருக்கிறேன். ஸ்கேலின் குறுக்குப் பக்கத்தால்.

ஒரு நாள் அப்பாவை வரச் சொன்னேன். வந்தார். வகுப்பறை வாசலுக்கு வெளியே நின்றார். தோளில் இருந்த துண்டு கைக்கு வந்துவிட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். உள்ளே ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, "நீங்க ஊதுறது போதாதா? இவனையும் பந்தக்கால்ல நிக்க வைக்கணுமா? மனுசனா ஆக விடுங்க" என்றேன்.

மனுசனா.

"சரிங்க சார்" என்றார். பையனைத் திரும்பிப் பார்த்தார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு பையன் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. எனக்கு அப்போது பெருமைதான். ஒரு குழந்தையைப் பள்ளிக்கு மீட்டுவிட்டேன் என்று சக ஆசிரியர்களிடம் சொன்னேன். அவன் எட்டாவதோடு நின்றுவிட்டான். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். படிப்பும் இல்லை, நாயனமும் இல்லை. அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் வாசிக்க ஆள் இல்லை. நம்ம ஊர்க் கல்யாணங்களுக்கு வெளியூரில் இருந்து மேளம் வர ஆரம்பித்தது அப்போதுதான்.

பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டும் என்று சொன்னதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. சொன்ன விதமும், சொன்ன இடமும், நான் உட்கார்ந்திருந்ததும்தான். ராஜரத்தினத்தைப் பற்றிப் படித்துக்கொண்டு வரும்போது, உட்கார்ந்து வாசிப்பேன் என்று அவர் அடம் பிடித்த பகுதி வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தக் காலி பெஞ்சு கண் முன்னால் வந்து நின்றது.

போன வாரக் கல்யாணத்துக்குத் திரும்புகிறேன். சாப்பிட எல்லாரும் கீழே போனபோது நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், செருப்புக் குவியலைத் தாண்டி, அந்தப் பெரியவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன். முதலில் தயங்கினார். ஏதோ புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. "அதே தோடியைக் கொஞ்சம் வாசிக்கிறீங்களா?" என்று கேட்டேன். தவில்காரத் தம்பியைப் பார்த்தார். தம்பி தவிலை மடியில் சாய்த்துக்கொண்டார். ஜெனரேட்டரை யாரோ அணைத்திருந்தார்கள், அது ஒரு புண்ணியம். கால் மணி நேரம் இருக்கும். மூன்று குழந்தைகள் வந்து நின்று, இரண்டு போய்விட்டன. ஒன்று நின்றது.

முடித்ததும் சீவாளியைக் கழற்றித் துடைத்தார். "தோடின்னு யாரும் கேக்கறதில்லைங்க ஐயா. சினிமாப் பாட்டுதான் கேப்பாங்க. பந்தி போடறப்ப வாசிச்சுக்குவோம்" என்றார். யாரிடம் படித்தது என்று கேட்டேன். அப்பாவிடமாம். "அப்பா ராஜரத்தினம் பிள்ளை தட்டைக் கேட்டுக் கேட்டு வாசிப்பாருங்க."

சாப்பிட்டாச்சா என்றேன். கடைசிப் பந்தியில் என்றார். அவர்கள் நால்வரோடும் நானும் கடைசிப் பந்தியில்தான் சாப்பிட்டேன். என்னைக் காணாமல் தேடிய உறவினர்களுக்கு இதுதான் விளக்கம். பாயசம் தீர்ந்திருந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1980களின் நடுவில் என்னிடம் ஐந்தாவது படித்தவர்களுக்கு நான் சொல்லும் பையன் யாரென்று தெரிந்திருக்கும். பெயரை இங்கே பின்னூட்டத்தில் போட வேண்டாம், அவனுக்குச் சங்கடமாக இருக்கும். அவனும் இப்போது ஐம்பதைத் தொட்டிருப்பான். எண் தெரிந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பெங்களூராக இருந்தாலும் ஓசூராக இருந்தாலும் நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன். அவன் தாத்தாவின் நாயனம் அந்த வீட்டில் இன்னும் இருக்கிறதா, அதில் யாராவது வாய் வைக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.